பூர்வீக மக்களோடு வேலை செய்ய நினைக்கும் மகள் எதைப் படிக்கலாம்?

ஓர் அம்மா இங்கே கேட்டிருந்தார். சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கிறோம், மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள், மருத்துவமும் வேண்டாம் கணினியும் வேண்டாம், அபோரிஜினல் மக்கள் தொடர்பான வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், அதற்கென்று படிப்பு இருக்கிறதா, படித்தால் வேலை கிடைக்குமா, நம் பிள்ளைகளை அதில் எடுப்பார்களா என்று. மூன்று கேள்விகள். ஆனால் அவர் உண்மையில் கேட்டது கடைசிக் கேள்வியைத்தான் என்று எனக்குப் படுகிறது. படிப்பு இருக்கிறதா என்பதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளமும் பதில் சொல்லிவிடும். இந்த மண்ணுக்கு நேற்று வந்த ஒரு குடும்பத்தின் பெண்ணுக்கு, இந்த மண்ணை 50,000 ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருந்தவர்களின் விஷயத்தில் என்ன இடம் என்பதுதான் அந்த அம்மாவின் மனதில் இருக்கும் கேள்வி. கீழே பலர் 'பிழைப்புக்கு உதவாத படிப்பு' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பதைப் பார்த்து வருத்தமாக இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சுருக்கமான பதில்: இடம் உண்டு. கையில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போனால், அந்த மக்கள் எடுக்கும் முடிவுக்குக் கீழே நின்று வேலை செய்ய மனம் இருந்தால், நல்ல இடமே உண்டு.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, திருமணமாகி ஆஸ்திரேலியா வந்தவள் நான். நாட்டின் நடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒன்பது ஆண்டுகள், அபோரிஜினல் மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு நடத்தும் ஓர் அமைப்பில் குடும்பநலப் பிரிவில் வேலை பார்த்தேன். அப்புறம் சிட்னிக்கு வந்து, சமூகப்பணி படிக்கும் மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அனுப்பி மேற்பார்வை செய்வதில் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே குடும்பநலம், சுகாதாரம் பற்றி நான் சொல்வதை நம்பலாம். நில உரிமை வழக்குகளைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர அந்த வேலையைச் செய்ததில்லை. இந்நாட்டின் இன்னொரு பூர்வீக மக்கள் வாழும், வடமுனையில் இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்கு நான் போனதே இல்லை. இன்னொன்று, நான் அபோரிஜினல் இல்லை. ஓர் அபோரிஜினல் மாணவி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் வேறு பேர்.

'அபோரிஜினல் அஃபேர்ஸ்' என்றதும் ஒரே துறை, ஒரே அலுவலகம் என்று நினைத்துக்கொள்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பெயரில் மத்தியத் துறை ஒன்று இருந்தது உண்மைதான். 1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் ஆம் என்று வாக்களித்த பிறகுதான் இந்த மக்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் மாநிலங்களின் 'பாதுகாப்பு' வாரியங்கள் வைத்ததுதான் சட்டம், யார் எங்கே குடியிருக்கலாம் என்பதிலிருந்து பெற்ற பிள்ளை யாரிடம் வளரலாம் என்பது வரைக்கும். 1972இல் பிரதமர் விட்லமின் அரசு தனித்துறை அமைத்தது, 1990இல் தேர்தல் வழியாக வந்த பிரதிநிதிகளோடு அட்சிக் என்ற ஆணையம் வந்தது, 2005இல் அதைக் கலைத்தார்கள், 2019இலிருந்து தேசியப் பூர்வீக ஆஸ்திரேலியர் முகமை நடக்கிறது. இது அரசுப் பக்கம். ஆனால் உங்கள் மகளுக்கு வேலை இருக்கும் இடங்களில் பெரும்பாலானவை மறுபக்கத்தில் இருக்கின்றன. 1970இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் ஒரு சட்ட உதவி மையமும் அடுத்த ஆண்டே ஒரு மருத்துவ மையமும் தொடங்கினார்களே, அந்த வழியில் வந்த, சமூகமே நடத்தும் அமைப்புகள். இன்று உடல்நல அமைப்புகள் மட்டுமே 140க்கு மேல். வடக்குப் பிரதேசத்தில் 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த நிலக் கவுன்சில்கள், நியூ சவுத் வேல்ஸில் 1983 சட்டத்தின் கீழ் வந்த உள்ளூர் நிலக் கவுன்சில்கள், பூர்வீக மக்களின் நிலவுரிமையை நாட்டின் உச்ச நீதிமன்றம் முதன்முதலாக ஏற்ற 1992 ஜூன் 3 மாபோ தீர்ப்புக்கும் அடுத்த ஆண்டின் பூர்வீக நிலவுரிமைச் சட்டத்துக்கும் பிறகு, உரிமை நிலைநாட்டப்பட்ட நிலத்தை வைத்துப் பராமரிப்பதற்காகப் பதிவுசெய்யப்பட்ட நிறுவனங்கள், குழந்தை நல அமைப்புகள், மொழி மையங்கள், நிலத்தையும் கடலையும் காக்கும் ரேஞ்சர் குழுக்கள். 2020 ஜூலையில் கையெழுத்தான தேசிய ஒப்பந்தம், அரசின் கையிலிருக்கும் சேவைகளையும் பணத்தையும் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு நகர்த்தவேண்டும் என்பதைத் தன் நான்கு முதன்மைச் சீர்திருத்தங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. நகர்வது மெதுவாகத்தான், ஆனால் திசை அதுதான்.

'நம் பிள்ளைகளை எடுப்பார்களா' என்பதற்குப் பதில், இந்தப் படிப்புகள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதில் இருக்கிறது. 1964இல் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் காலின் டாட்ஸ் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார், அது ஆராய்ச்சிக்கு. 1973இல் அடிலெய்டில், பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமாக ஆன தொழில்நுட்ப நிறுவனத்தில், அபோரிஜினல் மாணவர்களைச் சமூகநல வேலைக்குப் பயிற்றுவிக்க ஒரு தனித் திட்டம் வந்தது. அப்புறம் பெர்த்தில் கர்ட்டின் பல்கலைக்கழகம், வடக்கில் பேச்சலர் என்ற ஊரின் கல்வி நிறுவனம் என்று வரிசையாக வந்தன. தங்களைப் பற்றிய முடிவை எடுக்கும் நாற்காலியில் தாங்களே உட்காரவேண்டும் என்பதுதான் இவற்றின் நோக்கம். அபோரிஜினல் தலைவரான சார்ல்ஸ் பெர்கின்ஸ் 1965இல் மாணவராக இருந்தபோதே பேருந்தில் கிளம்பிப்போய், அபோரிஜினல் பிள்ளைகளை உள்ளே விடாத மோரீ நகர நீச்சல் குளத்தின் வாசலில் நின்றார், 1966இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார், 1984இல் அதே அபோரிஜினல் விவகாரத் துறைக்குச் செயலாளரானார். அந்தப் படிப்புகள் உருவாக்க நினைத்தது அப்படிப்பட்டவர்களைத்தான். உங்கள் மகள் அந்த வகுப்பறையில் உட்காரும்போது, அது முதலில் யாருக்காகக் கட்டிய அறை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் அவளை யாரும் வெளியே போகச் சொல்லமாட்டார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். சிட்னிப் பல்கலைக்கழகம், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நுரா கிலி, நியூகாசிலின் வொலொடுக்கா என்று உங்கள் மாநிலத்திலேயே பூர்வீகக் கல்வியை, அதாவது இந்த மக்களின் வரலாறும் வாழ்வும் பற்றிய படிப்பை, பாடமாக எடுக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. என் அழுத்தமான யோசனை, அதை மட்டும் தனியாக எடுக்கவேண்டாம். ஒரு தொழிற்படிப்போடு சேர்த்து எடுக்கட்டும். சட்டம், சமூகப்பணி, செவிலியர் படிப்பு, ஆசிரியர் பயிற்சி, கணக்கியல், மானுடவியல், மொழியியல், சூழலியல், இதில் எது அவளுக்குக் கைவருமோ அது. இதை நான் சொல்வதற்குக் காரணம் நான் வேலை செய்த இடத்தில் பார்த்தது. அங்கே ஆண்டுக்கு இருபதுக்குக் குறையாத மானியங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தனிக் கணக்கு, தனித் தனி அறிக்கை, ஒரு அறிக்கை தாமதமானால் அடுத்த தவணை நிற்கும், தவணை நின்றால் டயாலிசிஸுக்கு ஆளை ஏற்றிப்போகும் வண்டிக்கு டீசல் நிற்கும். அந்த அலுவலகத்தில் எல்லாரும் கொண்டாடியது யாரைத் தெரியுமா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் டவுன் கேம்ப்கள் என்ற அபோரிஜினல் குடியிருப்புகளின் வரலாற்றை மேற்கோள் காட்டத் தெரிந்த என் போன்றவர்களை இல்லை, ஜூன் மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் முடித்துக்கொடுத்து, மறுநாள் நிர்வாகக் குழுவில் இருந்த பெரியவர்களுக்கு அந்த எண்களை ஒவ்வொன்றாகப் புரியும்படி எடுத்துச் சொன்ன கணக்கரைத்தான். பூர்வீக மக்களின் நிறுவனங்களாகத் தனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை மட்டும் 3,000க்கு மேல் இருக்கின்றன. அத்தனைக்கும் கணக்கும் சட்ட ஆலோசனையும் ஆள் நிர்வாகமும் வேண்டும். கட்டணத்தையும் பாருங்கள். 2021இல் கலைப் படிப்புகளின் கட்டணத்தை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தினார்கள், செவிலியர் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் அதைவிட மிகக் குறைவு.

அப்படியானால் தொழிற்படிப்பு மட்டும் போதாதா, பூர்வீகக் கல்வி எதற்கு என்று கேட்பீர்கள். போதாது. சமூகப்பணி என்ற தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்தெடுத்துக் கொண்டுபோன வேலையில் எங்கள் தொழில்காரர்களும் இருந்தார்கள், நல்லது செய்வதாக நம்பிக்கொண்டே செய்தார்கள். 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கையும் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமர் ரட் கேட்ட மன்னிப்பும் அதைப் பற்றியவை. இன்றும் ஒரு பாட்டியின் வீட்டுக் கதவை நான் தட்டினால், 'வெல்ஃபேர்' வந்திருக்கிறது என்ற பயம்தான் முதலில் கதவைத் திறக்கும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகிறவர், கதவு திறக்காததை 'ஒத்துழைப்பு இல்லை' என்று கோப்பில் எழுதுவார். கோப்பில் எழுதிய அந்த இரண்டு வார்த்தைகள் நீதிமன்றம்வரை போகும். இதற்காகத்தான் அந்தப் படிப்பு.

வேலை விளம்பரங்களில் 'ஐடென்டிஃபைட்' என்று ஒரு சொல் வரும். உங்கள் மாநிலத்தில் அந்தப் பதவி அபோரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவினருக்கு மட்டும் என்று பொருள். நியூ சவுத் வேல்ஸில் 1977ஆம் ஆண்டின் பாகுபாடு தடுப்புச் சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. வம்சாவளி, தன்னை அப்படி அடையாளப்படுத்திக்கொள்வது, சமூகம் ஏற்றுக்கொள்வது என்ற மூன்றையும் காட்டவேண்டும். உங்கள் மகள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது, அதில் மனவருத்தப்படவும் ஒன்றும் இல்லை. மற்றப் பதவிகள் அவளுக்குத் திறந்தே இருக்கின்றன, ஊருக்கு வெளியே தள்ளிப் போகப் போக ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். ஆனால் ஒன்று, மேலே போகப்போக அந்த நாற்காலிகள் அந்த மக்களுக்கு உரியவை என்பதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். நான் ஆறாவது ஆண்டில் பிரிவுத் தலைவி ஆனேன், என்னோடு வரவேற்பு மேசையில் தொடங்கி டிப்ளமோ முடித்துப் பிறகு பட்டமும் முடித்த ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மண்ணுக்குரிய அரெர்ன்டே மக்களில் ஒரு பெண்ணிடம் ஒன்பதாவது ஆண்டில் அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அந்த மூன்று ஆண்டும் என் வேலையில் பாதி, அவர் என் வேலையைச் செய்யப் பழகுவதற்கு வழிவிடுவதுதான். அது எனக்குச் சந்தோஷமான காலம். ஆனால் பதவி ஏணியை எண்ணிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது கஷ்டமாக இருக்கும் என்பதையும் மறைக்கக்கூடாது.

பல்கலைக்கழகத்தில் படித்தும் எனக்கு உறைக்காத ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு, காத்திருக்கும் கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள், கையில் பட்டியலோடு போய் அடுத்த பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. ஒரு நொடியில் அந்தக் கூடத்தில் பேச்சே நின்றுவிட்டது, ஒரு வயதான அம்மா கையால் முகத்தை மூடிக்கொண்டார். என் சக ஊழியர் எழுந்து வந்து பட்டியலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, மூலையில் இருந்த ஓர் இளம்பெண்ணின் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனார். முந்தின வாரம் இறந்துபோன ஒருவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே பெயர். மத்திய ஆஸ்திரேலியாவில் இறந்தவரின் பெயரைக் குறிப்பிட்ட காலம்வரை யாரும் உச்சரிக்கமாட்டார்கள், அதே பெயர்கொண்டு உயிரோடிருப்பவரையும் 'குமஞ்சாயி' என்ற மாற்றுப்பெயரால்தான் கூப்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, குறிப்பெடுத்துப் படித்திருந்தேன். யார் இறந்தார் என்று காலையில் ஒருவரிடம் கேட்டுவிட்டு வெளியே போகவேண்டும் என்பது மட்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து யோசித்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்தார். ரேஷன் கடையில் தாத்தாவின் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார், கடைசிவரை அவர் வாயால் அந்தப் பெயர் வந்ததில்லை. காரணங்கள் வேறுதான். ஆனால் ஒரு பெயருக்குப் பாரம் உண்டு என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருந்தேன், பார்த்ததை மறந்துவிட்டு அங்கே போய் நின்றேன்.

இன்னொரு விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு உண்மையாகவே ஒரு கைத்தாங்கல் இருக்கிறது. உறவுமுறை. அப்பாவின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் அப்பா, அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை, அம்மாவின் சகோதரன் பிள்ளை வேறு முறை என்பதை ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த மாணவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வகுப்பு முழுவதும் போய்விடும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், முறைப்பையன் என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் தலையாட்டிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களின் முறையையும் தமிழ் போன்ற திராவிட மொழிகளின் முறையையும் மானுடவியலில் நெடுங்காலமாக அருகருகே வைத்துப் பேசிவருகிறார்கள். ஆனால் அதோடு நின்றுவிடாது. மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களிடம் எட்டுப் பிரிவுகள், ஆணுக்கு ஜபல்ஜாரி என்றால் அவர் சகோதரிக்கு நபல்ஜாரி, இப்படி எட்டுக்கும் இரண்டிரண்டு பெயர். வெளியிலிருந்து போனவர்களுக்கும் சில நேரம் ஒரு பெயர் கொடுப்பார்கள், எனக்கும் கொடுத்தார்கள். பெருமையாக இருந்தது, அதோடு கடமைகளும் வந்தன. எங்கள் ஓட்டுநர்களில் ஒருவர் அந்தக் கணக்கில் எனக்கு மருமகன் முறை ஆகிவிட்டார். மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது. அன்றிலிருந்து வண்டி ஒதுக்கும் அட்டவணையில் எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் போடுவதை நிறுத்தினார்கள், யாரும் அதை ஒரு சிரமமாகப் பேசியதும் இல்லை.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை, கோபித்துக்கொள்ள வேண்டாம். 'அவர்களும் நாமும் ஒரே இனம், குமரிக்கண்டத்திலிருந்து பிரிந்தவர்கள், பூமராங்கும் வளரியும் ஒன்று' என்று நம்மவர்கள் எழுதுவதை உங்கள் மகளும் படித்திருப்பாள். இதில் உறுதியானது என்ன? கடலில் மூழ்கிய கண்டம் ஒன்று அங்கே இருந்ததற்கு நிலவியலில் சான்று இல்லை. உறவுமுறை ஒத்துப்போவது உண்மை, ஆனால் தொடர்பே இல்லாத சமூகங்களும் அப்படி ஒரு முறையைத் தாங்களாகவே அமைத்துக்கொள்ள முடியும். சந்தேகத்துக்குரியது எது என்றால், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து சிலர் போய்க் கலந்திருக்கலாம் என்று 2013இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு. 2016இல் ஆண்வழி மரபணுவை வைத்துச் செய்த ஆய்வு அதற்கு ஆதரவு தரவில்லை. எப்படி இருந்தாலும், தங்கள் மண்ணில் தாங்கள் எப்போதும் இருந்தவர்கள் என்று சொல்லும் மக்களிடம் போய் 'நீங்கள் எங்களிடமிருந்து வந்தவர்கள்' என்று சொல்வது, அவர்கள் நிலத்தை யாருமற்ற நிலம் என்று எழுதிவைத்த பழைய பேச்சுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஒரு மாணவர் பயிற்சியின் முதல் வாரத்தில் அன்போடுதான் இதைச் சொன்னார். கேட்ட பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்விட்டார், அடுத்த இரண்டு மாதம் அந்த மாணவரிடம் பேசவில்லை.

ஒரு பல்கலைக்கழகம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தரவரிசையை வைத்து இதைச் சொல்லமுடியாது. திறந்தவெளி நாளுக்குப் போய் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். பாடம் நடத்துகிறவர்களில் எத்தனை பேர் அபோரிஜினல், அவர்கள் நிரந்தர வேலையில் இருக்கிறார்களா. களப்பயிற்சிக்கு எந்த அமைப்புகளுக்கு அனுப்புகிறார்கள், அந்த அமைப்புகள் திரும்பத் திரும்ப மாணவர்களைக் கேட்கின்றனவா. ஆய்வு செய்தால் அதன் முடிவை யாரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். சமூகப்பணிப் படிப்பில் 1,000 மணிநேரக் களப்பயிற்சி கட்டாயம், அதில் பாதியையாவது சமூகம் நடத்தும் அமைப்பில் கழிக்க முயலட்டும். சட்டமோ மானுடவியலோ என்றால் அரோரா என்ற பயிற்சித் திட்டம் மாணவர்களைக் கோடையிலும் குளிர்காலத்திலும் சில வாரங்கள் நிலவுரிமை அமைப்புகளுக்கு அனுப்புகிறது, அபோரிஜினல் அல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். மொழியில் ஆர்வம் இருந்தால், பட்டத்துக்குப் பிறகு சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில் நியூ சவுத் வேல்ஸின் பூர்வீக மொழிகளில் ஒன்றான விராட்ஜுரி மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அந்த மொழியை மீட்டு அகராதி செய்தவர்களில் ஒருவரான மூத்த ஸ்டான் கிராண்டின் தாத்தா, பூங்காவில் பேரனைத் தன் மொழியில் கூப்பிட்டதற்காகக் கைதானவர். கற்றல் வகுப்பறையில் மட்டும் நடப்பதில்லை என்பதற்கு இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. மேலே சொன்ன மாபோ தீர்ப்புக்குப் பெயர் தந்த எடி மாபோ டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் தோட்டக்காரர். தன் தீவில் தன் குடும்பத்து நிலம் சட்டப்படி தன்னுடையது இல்லை, அரசுடையது என்பதை அங்கிருந்த வரலாற்றாசிரியர்கள் ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் இருவரோடும் மதிய உணவு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவர் தெரிந்துகொண்டார். நாட்டின் நிலச் சட்டத்தையே மாற்றிய வழக்கின் தொடக்கம் அது. அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு இன்று அவர் பெயர்.

இனி உறுதியாகச் சொல்லமுடியாதவை. வேலை நிலைக்குமா? வேலைகள் இருக்கும் என்பது உறுதி, ஒரே வேலை நிலைக்கும் என்று சொல்லமாட்டேன். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு, மானியத்தோடு பிறந்து மானியத்தோடு முடிபவை. ஆட்சி மாறினால் கொள்கை தலைகீழாகும். 2007இல் வடக்குப் பிரதேசத்தில் அவசர நடவடிக்கை என்று இனப்பாகுபாட்டுச் சட்டத்தையே ஒதுக்கிவைத்து அரசு உள்ளே வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு குரல் வேண்டும் என்ற வாக்கெடுப்பை நாட்டில் 60 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள், மறுவாரம் அலுவலகத்துக்கு வந்த என் சக ஊழியர்களின் முகங்களை என்னால் மறக்கமுடியாது. குயின்ஸ்லாந்து 2023இல் உடன்படிக்கைக்கு வழிசெய்யும் சட்டம் இயற்றி, ஆட்சி மாறியதும் 2024இல் அதை ரத்து செய்தது. ஒரு மாநிலத்தில் மூடும் கதவு இன்னொன்றில் திறந்திருக்கும், அதனால் ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு இடம் மாறத் தயாராக இருப்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

பெற்றவராக நீங்கள் கவலைப்படவேண்டிய விஷயம் சம்பளத்தைவிட மனச்சோர்வுதான் என்பேன். இந்த மக்களின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட எட்டு ஆண்டுக்கு மேல் குறைவு. மக்கள்தொகையில் 4 விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள், சிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எண்ணாகப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. நான் ஓர் ஆண்டில் பதினொரு அடக்கங்களுக்குப் போனேன், அதில் நான்கு பேர் என்னைவிட இளையவர்கள். 'சாரி பிசினஸ்' என்று துக்கத்துக்கு அலுவலகத்தையே மூடுவார்கள், அந்த நாட்களில் புதிதாக வந்தவர்கள் கோப்பை எடுத்துக்கொண்டு ஓடாமல் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுக்கப் பழகவேண்டும். மகளுக்கு மாதம் ஒருமுறையாவது மனம்விட்டுப் பேச ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்பதை வேலையில் சேரும்முன் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் சம்பளம் அதிகமாக இருந்தாலும் வேண்டாம் என்று நான் சொல்லுவேன்.

கடைசியாக, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓக்ஹர்ஸ்ட்டில் ரிச்மண்ட் சாலையும் ரூட்டி ஹில் வடக்குச் சாலையும் சேரும் மூலைக்குப் போய்வாருங்கள். சிட்னியின் மேற்கில் இருக்கும் உங்களுக்கு அது தூரமாக இருக்காது. கட்டடம் எதுவும் இல்லை, புல்வெளிதான். ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் தொடங்கிய, அபோரிஜினல் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்துப் படிப்பித்த பள்ளி 1823இல் இங்கேதான் மாறி வந்தது, பிளாக்டவுன் என்ற பெயரே அதனால் வந்ததுதான். அந்த நிலம் 2018இல், அந்தப் பகுதிக்குரிய டாரக் மக்களிடம் திரும்பி வந்தது. அந்தப் பள்ளி பரமட்டாவில் இருந்தபோது அங்கே படித்த மரியா என்ற டாரக் சிறுமி, 1819இல் நடந்த பொதுத் தேர்வில் ஏறத்தாழ நூறு வெள்ளையர் பிள்ளைகளைத் தாண்டி முதல் பரிசு வாங்கினாள். வளர்ந்து, மரியா லாக் என்ற பெயரில், 1831இல் தன் சகோதரன் கொல்பீக்குக் கொடுத்திருந்த நிலத்தைத் தனக்குத் தரவேண்டும் என்று ஆளுநருக்கு மனு கொடுத்தார். 1843இல் அந்த நிலம் அவர் கைக்கு வந்தது. உங்கள் மகள் பள்ளிக்குப் போகவர எத்தனை முறை அந்தப் பக்கமாகப் போயிருப்பாளோ. ஒருமுறை இறங்கி நடக்கட்டும், வந்த பிறகும் இதே படிப்புதான் என்று சொன்னால் எந்தெந்தப் பாடங்களைச் சேர்த்து எடுக்கலாம் என்று எனக்கு இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.